மணிக்கணக்கு கல்வியாகாது: இங்கிலாந்தின் இலவச நர்சரி நேர விரிவாக்கத்துக்கு ஒரு மறுப்பு

இங்கிலாந்தில் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு அரசு செலவில் தரப்படும் இலவச நர்சரி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது நன்மை பயக்கும் என்பதில் அந்நாட்டின் இரு பெரும் கட்சிகளுக்கும் இடையே இன்று பூசல் இல்லை. பழமைவாதக் கட்சியின் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் 2023 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்த விரிவாக்கத்தை, 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அப்படியே ஏற்று, 2025 செப்டம்பரில் முழு அளவில் நடைமுறைப்படுத்தியது. இந்த ஒருமித்த கருத்து மூன்று கூற்றுகளின் மேல் நிற்கிறது. கூடுதல் நேரம் குழந்தையின் வளர்ச்சிக்கு, குறிப்பாக ஏழைக் குழந்தையின் வளர்ச்சிக்கு, உதவும் என்பது முதலாவது. தாய்மார்கள் வேலைக்குத் திரும்புவதால் நாட்டின் வருவாய் பெருகும் என்பது இரண்டாவது. குடும்பங்களின் செலவு குறையும் என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே திட்டத்தால் ஒருசேர நிறைவேறும் என்ற நம்பிக்கையே இங்கு மறுக்கப்படுகிறது. மழலையர் கல்விக்கு அரசு பணம் செலவிடக் கூடாது என்று இந்த மறுப்பு வாதிடவில்லை. மணிநேரத்தை அலகாகக் கொண்டு, அதை அடக்கவிலைக்கும் குறைவாக வாங்கி, பெற்றோரின் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பகிர்ந்தளிக்கும் ஓர் ஏற்பாட்டைக் கல்விச் சீர்திருத்தம் என்று அழைப்பது பொருந்தாது என்பதே இதன் வாதம்.

திட்டத்தின் வரலாற்றை மேலோட்டமாகப் பார்த்தாலே நோக்கம் எங்கே தடம் மாறியது என்பது புலப்படும். ஜான் மேஜர் அரசு 1996-இல் நான்கு வயதுக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய 1,100 பவுண்டு நர்சரி வவுச்சர் திட்டத்தை, அடுத்த ஆண்டு வென்ற டோனி பிளேர் அரசு கைவிட்டது. அதற்கு மாற்றாக, 1998 முதல் நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் வாரத்துக்கு 12.5 மணிநேர இலவச இடத்தை வழங்கிய அந்த அரசு, 2004-க்குள் மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் அதை நீட்டித்தது. 2010-இல் அது ஆண்டுக்கு 38 வாரம், வாரத்துக்கு 15 மணிநேரம் என்ற அளவில் நிலைபெற்றது. 2013 முதல் வறிய குடும்பங்களின் இரண்டு வயதுக் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். அதுவரை எடுக்கப்பட்ட ஒவ்வோர் அடியிலும் தகுதியைத் தீர்மானித்தது குழந்தையின் வயது அல்லது குழந்தையின் தேவை. 2016-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் 2017 செப்டம்பரில் 30 மணிநேரத் திட்டம் தொடங்கியபோதுதான் அந்த இடத்தில் பெற்றோரின் வேலை வந்து அமர்ந்தது. 2023-இல் அறிவிக்கப்பட்ட விரிவாக்கம், அதே நிபந்தனையோடு, ஒன்பது மாதக் குழந்தை வரை கீழே இறங்கியது.

அந்த நிபந்தனையின் உள்ளடக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. 30 மணிநேரம் பெற வேண்டுமானால் பெற்றோர் இருவரும், தனித்து வளர்ப்பவரானால் அவர் ஒருவர், வாரத்துக்கு 16 மணிநேரம் குறைந்தபட்ச ஊதியத்தில் உழைத்தால் கிடைக்கும் தொகையையாவது ஈட்டியாக வேண்டும். 2025-26-இல் 21 வயது நிரம்பியவருக்கு அது வாரத்துக்கு ஏறத்தாழ 195 பவுண்டாக இருந்தது. உச்சவரம்பு ஒருவருக்கு ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு. வரம்பு குடும்பத்துக்கன்றி ஆளுக்கு விதிக்கப்படுவதால், தலா 99,000 பவுண்டு ஈட்டும் கணவன் மனைவியின் குழந்தைக்கு முழு உரிமை உண்டு. வேலை இழந்த தாயின் குழந்தைக்கும், வேலை பெறுவதற்காகப் பயிற்சி வகுப்புக்குச் செல்லும் தாயின் குழந்தைக்கும் அது இல்லை. வறுமை வரம்புக்குள் வரும் குடும்பமானால் இரண்டு வயது முதலும், ஏனையோருக்கு மூன்று வயது முதலும், 15 மணிநேரம் மட்டுமே கிடைக்கும். பள்ளியில் சேரும் வரையிலான காலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், வேலையில் உள்ள பெற்றோரின் குழந்தைக்கு அரசு அளிக்கும் நேரம், வேலையில் இல்லாதோரின் வறிய குழந்தைக்குக் கிடைப்பதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 30 மணிநேரத்துக்குத் தகுதி பெறுவோரில் 70 விழுக்காட்டினர் வருவாய் வரிசையின் மேல்பாதியைச் சேர்ந்தவர்கள் என்று சட்டன் அறக்கட்டளை 2021-இல் சுட்டிக்காட்டியது. ஏழைக் குழந்தையின் பெயரால் நியாயப்படுத்தப்படும் ஒரு திட்டம் ஏழைக் குழந்தையை வாசலிலேயே நிறுத்துகிறது என்றால், அதை நடைமுறைக் குறைபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. திட்டத்தின் வடிவமே அதுதான்.

கூடுதல் நேரம் குழந்தையை மேம்படுத்தும் என்ற முதல் கூற்றுக்கு ஆதரவாளர்கள் காட்டும் சான்று பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில் 1962-இல் தொடங்கிய பெரி மழலைப் பள்ளி ஆய்வு, அதில் பயின்ற வறிய கறுப்பினக் குழந்தைகளை நடுவயது வரை பின்தொடர்ந்து, கல்வி, வருவாய், சட்டத்தை மதித்து வாழ்தல் ஆகியவற்றில் அவர்கள் முன்னேறியிருந்ததைக் காட்டியது. பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் அந்தச் செலவின் ஆண்டுப் பயனை 7 முதல் 10 விழுக்காடு என மதிப்பிட்டார். மழலையர் கல்வியில் இடும் ஒவ்வொரு பவுண்டும் பல மடங்காகத் திரும்பும் என்று மேடைதோறும் சொல்லப்படுவதன் ஊற்று இதுவே. ஆனால் அந்தப் பள்ளி நாளொன்றுக்கு நடந்தது காலையில் இரண்டரை மணிநேரம் மட்டுமே. இருபதுக்குச் சற்றுக் கூடுதலான குழந்தைகளுக்குத் தகுதி பெற்ற ஆசிரியர்கள் நால்வர் இருந்தனர். அவர்கள் வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் சென்று தாயோடும் குழந்தையோடும் ஒன்றரை மணிநேரம் செலவிட்டனர். முழுநாள் நடந்த வட கரோலினாவின் அபிசிடேரியன் ஆய்வும் நல்ல விளைவுகளைத் தந்தது உண்மையே. ஆயினும் அதுவும் வறிய குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மிகச் சிறிய குழுக்களில், பெருஞ்செலவில் நடத்தப்பட்டது. தகுதி மிக்க ஆசிரியர்களைக் கொண்டு வறிய குழந்தைகளுக்கு நடத்தப்பட்ட பள்ளிகளின் பயனை, குறைந்த ஊதியப் பணியாளர்களைக் கொண்டு வேலையில் உள்ளோரின் குழந்தைகளுக்கு நடத்தப்படும் முழுநாள் காப்பகத்தின் கணக்கில் வரவு வைப்பது முறையான வாதமாகாது.

இங்கிலாந்தின் சொந்தச் சான்று இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கேத்தி சில்வா, எட்வர்ட் மெல்ஹூயிஷ், பாம் சாமன்ஸ், இராம் சிராஜ்-பிளாட்ச்ஃபோர்ட் ஆகியோர் 1997 முதல் ஏறத்தாழ 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து நடத்திய பெரும் ஆய்வு, முழுநேரம் நர்சரிக்குச் சென்ற குழந்தைகள் பகுதிநேரம் சென்றோரைவிட அதிகப் பயன் அடையவில்லை எனக் கண்டது. பயனைத் தீர்மானித்தவை வேறு: எத்தனை மாதங்களுக்கு முன்பே குழந்தை சேர்ந்தது, அங்கே பணிபுரிவோரின் கல்வித் தகுதி என்ன, வெவ்வேறு சமூகப் பின்னணிக் குழந்தைகள் அங்கே கலந்து பயின்றனரா என்பவை. சிறந்த நர்சரிகளில் மிகுதியாகக் காணப்பட்ட ஒன்றுக்கு அந்த ஆய்வாளர்கள் நீடித்த கூட்டுச் சிந்தனை எனப் பெயரிட்டனர். பெரியவர் ஒருவரும் குழந்தையும் ஒரு கேள்வியையோ கதையையோ கைவேலையையோ எடுத்துக்கொண்டு, இருவரும் மாறி மாறிப் பேசி அதை முன்னெடுத்துச் செல்லும் உரையாடலை அது குறிக்கும். ஆண்டுகளைக் கூட்டுவது பயன் தரும், நாளின் நீளத்தைக் கூட்டுவது தராது என்ற அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து அரசு பெறவேண்டிய பாடம், எல்லா வறிய குழந்தைகளையும் இரண்டு வயதிலேயே, நல்ல ஆசிரியரிடம், கலப்பான குழுவில் சேர்ப்பது என்பதாகவே இருக்க முடியும். அரசு எடுத்த முடிவு அதற்கு நேர்மாறானது.

இலவச இடம் கொடுத்தாலே கற்றல் உயரும் என்பதும் உறுதியில்லை. மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இலவச இடம் பரவலான காலத்தை ஆராய்ந்து ஜோ பிளாண்டன், சாண்ட்ரா மெக்னாலி உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, ஐந்து வயதில் தென்பட்ட பயன் சிறிதென்றும் அது பதினோரு வயதுக்குள் மறைந்ததென்றும் கண்டது. ஏற்கெனவே பணம் கட்டி நர்சரிக்குப் போய்க்கொண்டிருந்த குழந்தைகளின் கட்டணத்தை அரசு ஏற்றதே செலவின் பெரும்பகுதி என்பதும் அதில் வெளிப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் காப்பக இடங்களை விரைவாகப் பெருக்கியபோது தாய்மார்களின் வேலைவாய்ப்பு உயர்ந்தது. ஆனால் மைக்கேல் பேக்கர், ஜொனாதன் குருபர், கெவின் மில்லிகன் ஆகியோரின் ஆய்வு, அந்தக் குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதையும் பதிவு செய்தது. இவற்றைக் கொண்டு காப்பகம் குழந்தைக்குக் கேடு என்று முடிவு கட்டுவது தவறாகும். எண்ணிக்கை தரத்தை முந்திச் செல்லும்போது விலை கொடுப்பது குழந்தையே என்ற அளவுக்கு முடிவு கட்டுவது தவறாகாது.

தரம் எப்படிக் கரைகிறது என்பதை ஓர் எண்ணில் பார்க்கலாம். இங்கிலாந்தின் விதிகளின்படி இரண்டு வயதுக் குழந்தைகள் நால்வருக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்றிருந்தது. இலவச நேரத்தை விரிவாக்கிய அதே 2023 பட்ஜெட், அந்த விகிதத்தை ஐவருக்கு ஒருவர் எனத் தளர்த்தியது. பத்துக் குழந்தைகள் இருக்கும் அறையில் முன்பு சட்டப்படி மூவர் தேவைப்பட்டனர். இப்போது இருவர் போதும். அந்த இருவரில் ஒருவர் ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றப் போனால், மற்றவரின் கண்பார்வையில் ஒன்பது குழந்தைகள் இருப்பர். அவர்களில் ஒருவன் இன்னொருவனைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வதே அவருடைய கல்விப் பணியாகிவிடும். நீடித்த உரையாடலுக்கு அங்கே இடமில்லை. ஸ்காட்லாந்தில் முன்பிருந்தே ஐவருக்கு ஒருவர்தான் என்று அரசு வாதிட்டது. அங்கே இலவச நேரம் வழங்கும் பணியாளருக்கு அரசு விதிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தைவிட உயர்ந்த வாழ்வூதியம் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த ஒப்பீடு நேர்மையாக இருந்திருக்கும். பணியாளர் தகுதியை உயர்த்தக் கல்வியாளர் கேத்தி நட்பிரவுன் 2012-இல் அளித்த பரிந்துரைகள் பெரும்பாலும் கிடப்பில் போடப்பட்டன. பட்டதாரி ஆசிரியர்களை நர்சரிகளில் அமர்த்த ஒதுக்கப்பட்டிருந்த தனி நிதியும் அதற்கு முந்தைய ஆண்டே நிறுத்தப்பட்டிருந்தது. பிரான்சில் மூன்று வயதிலிருந்து கட்டாயமாக்கப்பட்டுள்ள மழலைப் பள்ளியின் ஆசிரியர், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குரிய அதே தகுதியும் அதே நிலையும் பெற்றவர் என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

குடும்பங்களின் செலவு குறையும் என்ற கூற்றில் ஓரளவு உண்மை இருக்கிறது. குழந்தை மிகச் சிறியதாக இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு மிச்சமாகியிருப்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. அரசு மணிக்கு இவ்வளவு என்று நர்சரிக்குத் தரும் விகிதம் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நெடுங்காலமாக அடக்கவிலையை எட்டவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 2021-இல் வெளியான கல்வித் துறை ஆவணங்கள், 2020 வாக்கில் ஒரு மணிநேர இடத்துக்கு 7.49 பவுண்டு செலவாகும் என்று கணித்திருந்த அதே துறை 4.89 பவுண்டு மட்டுமே தந்ததைக் காட்டின. அந்த இடைவெளியைச் சிறிய குழந்தைகளின் பெற்றோரிடம் கூடுதல் கட்டணம் வாங்கி நர்சரிகள் நிரப்பிக்கொள்ளும் என்பதும் துறைக்குத் தெரிந்தே இருந்தது. அன்றைக்கு அப்படி வாங்கக் கட்டண நேரம் மிஞ்சியிருந்தது. புதிய விரிவாக்கத்தால், நிதி ஆய்வுக் கழகத்தின் கணக்குப்படி, இங்கிலாந்தின் பள்ளிக்கு முந்தைய பராமரிப்பு நேரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டின் விலையை அரசே தீர்மானிக்கிறது. சிறிய குழந்தைகளுக்கான விகிதத்தை அரசு தாராளமாகவே வைத்தது என்பது உண்மை. 2024-25-இல் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அது சராசரியாக 11.22 பவுண்டு. ஆயினும் குறைந்தபட்ச ஊதியமும், 2025 ஏப்ரலில் 13.8-இலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்த வேலையளிப்போர் காப்பீட்டுப் பங்களிப்பும் ஏறும்போது, விலை நிர்ணயிக்கும் உரிமை இல்லாத நர்சரி சம்பளத்தில் கைவைக்கும், அல்லது வேறு பெயரில் வசூலிக்கும்.

அந்த வேறு பெயர்களைப் பெற்றோர் மாதாமாதம் ரசீதில் பார்க்கிறார்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு 51 வாரம் நர்சரியில் இருக்கும் குழந்தைக்கு மொத்தம் 2,550 மணிநேரம் தேவை. 30 மணிநேரம் 38 வாரத்துக்கு மட்டுமே என்பதால் அரசு தருவது 1,140. பாதியைக்கூட எட்டாத அந்த நேரத்தைக் கழித்த பிறகு, மதிய உணவு, டயப்பர், ஈரத்துடைப்பான், சூரியப்பூச்சு, வெளிச்சுற்றுலா என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி நீள்கிறது. அவை பெற்றோரின் விருப்பத்துக்கு உட்பட்டவையே என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் எல்லாக் குழந்தைகளும் உணவுமேசையில் அமரும் நேரத்தில் தன் குழந்தையை மட்டும் விலக்கி வைக்கச் சொல்லும் பெற்றோர் அரிது. கட்டணம் கட்டும் திறனுள்ள பகுதியில் நர்சரிகள் தாக்குப்பிடிப்பதும், அந்தத் திறனற்ற பகுதியில் கதவடைப்பதும் இதன் இயல்பான விளைவு. வறிய பகுதிகளிலேயே பெரும்பாலும் அமைந்து, தகுதி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு இயங்கும் அரசு நர்சரிப் பள்ளிகள் நாடு முழுவதும் இன்று 400-க்கும் குறைவு.

எஞ்சியிருப்பது வேலைவாய்ப்பு வாதம். இது தன்னளவில் மதிக்கத்தக்கது. பிள்ளை வளர்ப்பின் சுமையால் பெண்களின் உழைப்பும் ஊதியமும் முடங்குவது நியாயமன்று. ஆனால் அதற்குரிய அளவுகோலால் அதை அளக்க வேண்டும். 2023 விரிவாக்கத்தால் 2027-28-க்குள் ஏறத்தாழ 60,000 பேர் புதிதாக வேலைக்கு வருவர் என்று பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் மதிப்பிட்டது. அந்த ஆண்டின் கூடுதல் செலவு 400 கோடி பவுண்டுக்கு மேல். ஏற்கெனவே வேலையில் இருக்கும் தாய்மார்கள் சற்று அதிக நேரம் உழைப்பர் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், செலவின் பெரும்பகுதி யாருடைய வேலைநிலையையும் மாற்றாமல், முன்பே கட்டப்பட்டுவந்த கட்டணத்தை ஈடுசெய்யவே போகிறது. வேலை தேடும் தாய்க்கு இது உதவுவதும் குறைவு: வேலை கையில் இருந்தால்தான் இடம், இடம் இருந்தால்தான் வேலை என்ற சுழலுக்குள் அவள் நிற்கிறாள்.

இங்கேதான் ஒருமித்த கருத்தின் தந்திரம் வெளிப்படுகிறது. வறிய குழந்தைகளுக்கு ஏன் இல்லை என்று கேட்டால், இது வேலைக்குச் செல்வோருக்கான திட்டம் என்று விடை வருகிறது. வேலைவாய்ப்புப் பயன் ஏன் இவ்வளவு சிறிது என்று கேட்டால், இது குழந்தைகளின் எதிர்காலத்துக்கான முதலீடு என்று விடை வருகிறது. இரு தேர்வுகளிலும் தேறாத திட்டம், ஒன்றின் கேள்விக்கு மற்றொன்றின் விடையைத் தந்து தப்பித்துக்கொள்கிறது.

இந்த மறுப்புக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் அரசியல் சார்ந்தது. ஏழைகளுக்கு மட்டுமான திட்டங்கள் சிக்கன காலத்தில் முதலில் பலியாகும், நடுத்தர வர்க்கமும் பயன்பெறும் திட்டமே நிலைக்கும் என்பது அது. அதற்குச் சான்றாக ஷ்யூர் ஸ்டார்ட் திட்டத்தைக் காட்டுவர். உடல்நலம், பெற்றோர் ஆலோசனை, விளையாட்டு, வேலைவாய்ப்பு உதவி ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் தரும் மையங்களாக 1999-இல் வறிய பகுதிகளில் தொடங்கி, 2010 வாக்கில் 3,500-க்கும் மேல் பெருகிய அத்திட்டம், அதன் பிறகு நிதி வெட்டப்பட்டுச் சிதைந்தது. இலவச நேரமோ ஒவ்வோர் அரசிலும் வளர்ந்தது. வரலாறு அப்படித்தான். ஆனால் அந்த மையங்களின் அருகில் வளர்ந்த வறிய குழந்தைகள் 16 வயதுத் தேர்வுகளில் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருந்ததை நிதி ஆய்வுக் கழகம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பயன் தந்தது அழிக்கப்பட்டு, பயன் ஐயத்துக்குரியது வளர்க்கப்பட்டது என்பது பின்னதற்கான நற்சான்றாகாது. மேலும், அனைவருக்கும் பொதுவான திட்டமே நிலைக்கும் என்ற விதி உண்மையானால், அந்த விதியே 30 மணிநேரத் திட்டத்துக்கு எதிரான சாட்சி. அது அனைவருக்கும் பொதுவானதன்று, அடித்தட்டை வெட்டிவிட்டு நடுத்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் பொதுவானது. ஸ்காட்லாந்து 2021 ஆகஸ்டு முதல் அதே 1,140 மணிநேரத்தை மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும், பெற்றோரின் வேலையைக் கேட்காமல், இலவச உணவோடு சேர்த்துத் தருகிறது. நிபந்தனை விதிப்பது தவிர்க்க முடியாத நிதித் தேவை என்ற பேச்சு அதோடு அடிபட்டுப்போகிறது.

பணத்தின் ஒதுக்கீட்டில் முன்னுரிமை தெளிவாகத் தெரியும். வறிய குழந்தைக்காக நர்சரிக்குத் தரப்படும் கூடுதல் ஊக்கநிதி, 2025-26-இல் பெரிதாக உயர்த்தப்பட்ட பிறகும், மணிக்கு ஒரு பவுண்டாகவே இருந்தது. ஆண்டுக்கு மிகுதியாகப் போனால் 570 பவுண்டு. அதே ஆண்டில் தொடக்கப் பள்ளியில் நுழைந்த வறிய குழந்தைக்கு அந்த ஊக்கநிதி 1,515 பவுண்டாக இருந்தது. ஐந்து வயதில் இங்கிலாந்துக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்பார்க்கப்படும் வளர்ச்சி நிலையை எட்டுகையில், இலவசப் பள்ளி உணவுக்குத் தகுதியான குழந்தைகளில் பாதிப்பேரே அதை எட்டுகின்றனர். 2028-க்குள் நாட்டுச் சராசரியை 75 விழுக்காடாக்குவதாக அரசு அறிவித்திருக்கிறது. எட்டாத அந்தப் பாதிப்பேரின் பெற்றோரில் வேலை இல்லாதவரும் நிலையற்ற வேலையில் இருப்பவரும் மிகுதி என்னும்போது, அவர்களை விலக்கிவைக்கும் மணிநேரங்களைக் கொண்டு அந்த இலக்கை எட்ட முடியாது.

ஆகவே மாற்று வழி நேரத்தைப் பறிப்பதில் இல்லை, வரிசையை மாற்றுவதில் இருக்கிறது. இரண்டு வயது முதல் எல்லாக் குழந்தைகளுக்கும், பெற்றோரின் வேலையைக் கேட்காத, உணவோடு கூடிய 15 மணிநேரத்தை உண்மையான அடக்கவிலை கொடுத்து முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஒவ்வொரு நர்சரியிலும் தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பதை நிதியின் நிபந்தனையாக்கி, வறிய குழந்தையின் ஊக்கநிதியைப் பள்ளியின் அளவுக்கு உயர்த்தி, இரண்டு வயதுக்கான விகிதத்தை மீண்டும் நால்வருக்கு ஒருவராக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட நேரம் வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கான உதவி. அதை அப்படியே ஒப்புக்கொண்டு, வருவாய்க்கேற்பக் கட்டணம் நிர்ணயித்து, தொழிலாளர் நலக் கணக்கில் எழுத வேண்டும். கல்விக்கு ஒதுக்கியதாகச் சொல்லப்படும் பணம் கல்வியின் தேர்வில் தேறியாக வேண்டும் என்பது மிகையான கோரிக்கையன்று. அந்தத் தேர்வுக்கு உட்பட மறுக்கும் வரை, அடுத்த பட்ஜெட்டில் இன்னும் எத்தனை மணிநேரம் கூட்டப்பட்டாலும், அது வேலையில் உள்ள குடும்பத்துக்கு அளிக்கப்படும் கட்டணச் சலுகையாகவே எஞ்சும்.